வியாழக்கிழமைக் கிறிகோரி

முதலில் சேட்டுப் பொக்கற்றைத் தட்டிப் பார்ப்பார். வலது கையால், மெதுவாக, இரண்டு தரம். உள்ளே இருப்பது இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பலெர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தைத் தெருவுக்குள் காலை வைப்பார். எதிரே வருகிற இத்தாலிக்காரர்கள், பாவம், இதய வருத்தக்காரர், குளிசை வைத்திருக்கிறார் என்று நினைத்து வழி விடுவார்கள். அது குளிசையில்லை. இருமல் மருந்து வந்த சின்னப் போத்தல். மூடியில் ஆணியால் குத்திய சில துளைகள். துளைகளுக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்ரர். போத்தல் நிறைய மிளகாய்த்தூள்.

மன்னார்த் தீவில் பேசாலைதான் இவருக்கு ஊர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மீசை மட்டும் இன்னும் முப்பதில் நிற்கிறது. மாதத்துக்கு ஒரு தரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே கறுப்படித்துக்கொள்வார். பலெர்மோத் தமிழரிடம் கிறிகோரி என்று விசாரித்தால், எந்தக் கிறிகோரி என்பார்கள். வியாழக்கிழமைக் கிறிகோரி என்றால் உடனே சிரிப்பார்கள், கை காட்டுவார்கள்.

இங்கே வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு முழுநாளும் வியாழன் அரைநாளும் லீவு. ஞாயிறு நம்முடையதில்லை. அது பூசைக்கும், ஊருக்கு ரெலிபோன் எடுக்கவும், யாரோ ஒருவரின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய்ப் பிளாஸ்ரிக் தட்டில் புரியாணி சாப்பிடவும் போய்விடும். மிஞ்சுவது வியாழன் பின்னேரம். அதில் மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள், அல்லது இன்னொரு வீட்டில் களவாக வேலை செய்வார்கள். கிறிகோரி மட்டும் வெளிக்கிடுவார். மடிப்புக் கலையாத கிறீம் நிறச் சேட்டு. அவர் பார்த்துக்கொள்கிற கிழவியின் செத்துப்போன புருஷனின் கோட்டு. தோள் இரண்டு பக்கமும் வெளியே நீண்டு நிற்கும். கிழவி தூக்கியெறிந்த பூ வாசனைச் சென்ற். இந்தக் கோலத்தில் அவர் நடந்து வரும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். என்னைப் பார்த்து அவர் வெட்கப்பட நிறையக் காரணங்கள் இருந்தும் அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

கிழவி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. உப்பில்லாத சூப், உப்பில்லாத பூசணிக்காய், உப்பில்லாத கோழி. வீட்டில் உள்ளி வாசம் வரக்கூடாது, எண்ணெய் கொதிக்கக்கூடாது. அவர் அவளைப் பெற்ற தாயைப்போல் பார்ப்பார், அவள் சாப்பிடுவதையே தானும் சாப்பிடுவார். ‘கிழமை முழுக்க எனக்கு ஆசுப்பத்திரிச் சாப்பாடுதான், எழுத்தாளர். வியாழக்கிழமைதான் வாய்க்குள்ளை நாக்கு இருக்கெண்டு தெரியும்’ என்பார்.

எழுத்தாளர் என்பது நான்தான். பாரிசில் வந்த ஒரு சஞ்சிகையில் நகுலேஸ்வரன் என்ற பெயரில் நான்கு கவிதைகள் வெளியாகியிருக்கின்றன. நாலாவது கவிதையோடு அந்தச் சஞ்சிகை நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆசிரியர் உறுதி சொன்னார். எழுத்து தவிர்ந்த நேரத்தில் ஒரு வக்கீல் வீட்டு நாயை லீவில்லாமல் தினமும் உலாத்துவது என் தொழில். நாயின் பெயர் கொன்தே. இத்தாலியனில் அதற்குப் பிரபு என்று அர்த்தம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிரபு முன்னே நடப்பார், நான் பிளாஸ்ரிக் பையோடு பின்னே நடப்பேன். தெருவில் அவருக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். கணக்கியல் படித்த ஒரு சைவப் பிள்ளை இப்படி ஆனதைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதத் தொடங்கினேன். பிரபுவுக்கு வயிற்றோட்டம் வந்ததால் அது பாதியில் நிற்கிறது.

வியாழக்கிழமைகளில் பிரபு உட்பட நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போவோம். முதல் தரிப்பு கடலை மாவைக் களிபோலக் கிண்டித் தட்டையாக வெட்டிப் பொரிக்கிற கடை. பானெல்லே என்பார்கள். கிறிகோரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிளாஸ்ரரை நகத்தால் கிளப்பி, தூளைத் தூவி, வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். கடைக்காரன் அந்தக் கண் திறக்கும்வரை அடுத்த ஆளைக் கவனிக்கமாட்டான். கண் திறந்ததும், நல்லது என்ற அர்த்தத்தில் ‘பெனே!’ என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்வார். தெரு கை தட்டும். இவ்வளவுக்கும் அவருக்குத் தெரிந்த இத்தாலியனை ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டலாம். மிச்சத்தை இரண்டு கையாலும் பேசிவிடுவார்.

அடுத்தது மூலையில் மிம்மோவின் அடுப்பு. அதைத் தேடத் தேவையில்லை, புகை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். வெங்காயத்தாளில் சுற்றிய ஆட்டுக்குடலைக் கரி நெருப்பில் வாட்டி, துண்டு துண்டாக வெட்டி, உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிந்து தருவான். மிம்மோ பெரிய வண்டிக்காரன், வயிற்றைச் சொல்கிறேன். கிறிகோரியைக் கண்டால் கரண்டியால் தகரத்தில் தட்டுவான். அதைக் கேட்டுப் பக்கத்து மீன்கடைக்காரன் தட்டுவான். பூசைமணி மாதிரி அந்தச் சத்தம் தெருவழியே போகும். நான் பிரபுவோடு தனியே வருகிற நாட்களில் யாரும் எதையும் தட்டியதில்லை.

மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிற கடையும் உண்டு. அங்கே நான் மூக்கால் மூச்சு விடமாட்டேன். ஆனால் எழுத்தாளன் என்றால் அனுபவம் வேண்டுமல்லவா? வாங்குவேன், சிரிப்பேன், வாய்வரை கொண்டுபோவேன், கிறிகோரி அந்தப் பக்கம் திரும்பியதும் பிரபுவுக்குக் கொடுத்துவிடுவேன். மிம்மோவின் குடலும் அப்படியே. வக்கீல் வீட்டம்மா, நாய் ஏன் இப்படிக் கொழுக்கிறது என்று மிருக வைத்தியரிடம் காட்டினார். நாய்க்கும் உப்பில்லாத சாப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரேயொரு மனக்குறை இருந்தது. கிறிகோரி எல்லாருக்கும் அந்தப் போத்தலை நீட்டுவார். முன்பின் தெரியாத இத்தாலிப் பெடியளுக்கும் தூவிவிட்டு அவர்கள் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பார். என் பங்குக்கு மட்டும் ஒருநாளும் தூவினதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

‘எனக்கேன் தூள் போடுறேல்லை?’

அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். ‘பிரபுவுக்கு உறைக்குமெல்லோ, எழுத்தாளர்’ என்றார்.

பிரபு வாலை ஆட்டியது. எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கடைசியில் பொலித்தெயாமா நாடக அரங்கின் படிகளில் போய் இருப்போம். பனிஸ் மாதிரி ஒரு பாணுக்குள் ஐஸ்கிறீம் வைத்து வாங்குவோம். அதை நானும் உண்மையாகவே சாப்பிடுவேன். குடும்பம் குடும்பமாகச் சனம் நன்றாக உடுத்திக்கொண்டு சும்மா நடப்பதற்காக நடந்துபோவார்கள். கிழவர்கள், காதலர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் எல்லாரும் எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருப்பார்கள். கிறிகோரி பாதிப் பேருக்காவது கை காட்டுவார். ‘இவ்வளவு சனத்தைத் தெரியுமோ?’ என்று கேட்டேன். ‘எனக்குத் தெரியாது. ஆனா கை காட்டினாப் பிறகு அவைக்கு என்னைத் தெரியுந்தானே’ என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதரின் மனைவி யோசப்பின், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒக்ரோபரில் வந்து சேர்ந்தார்.

யோசப்பினுக்கு ஊர் மன்னார்ப் பள்ளிமுனை. கல்யாணம் கட்டி எட்டு மாதத்தில் கிறிகோரி இத்தாலிக்கு வெளிக்கிட்டுவிட்டார். பிறகு ஊரில் சண்டை. யோசப்பின் இடம்பெயர்ந்து மடுவில் அகதி முகாமில் இருந்தார். கிறிகோரி, விசா கொடுக்கிற பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவின் வாசலில் வரிசை நின்று நின்று, பொலிசுக்காரனே இவரைக் கண்டு எழும்பி நிற்கிற அளவுக்கு நின்று, ஒன்பது வருடத்துக்குப் பிறகு மனைவியைக் கூப்பிட்டார். சந்தைக்குப் பின்னால் ஒரு கீழ்த்தட்டு அறை எடுத்தார். கிழவியிடம் கெஞ்சி, இரவில் அங்கே தங்காமல் விடிய வந்துபோக அனுமதி வாங்கினார். சுவருக்கு நீல நிறம் பூச நானும் உதவிக்குப் போனேன். லைற் சுவிச்சுக்கும் சேர்த்துப் பூசியதால் இப்போது அந்த வீட்டில் வெளிச்சம் போட ஸ்குறூட்றைவர் வேண்டும்.

வந்த முதல் வியாழனே மனைவியைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். பொக்கற்றைத் தட்டினார். கோட்டின் தோள்கள் அன்றைக்கு வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தன. ‘மீயா மோலியே! என்ரை மனிசி!’ என்று ஒவ்வொரு கடையிலும் அறிவித்தார். மிம்மோ தகரத்தில் தட்டிய தட்டில் ஒரு கரண்டி வளைந்தது. எல்லாரும் ஆளுக்கொரு துண்டை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். கிறிகோரி வாய் நிறையக் குடலும் முகம் நிறையச் சிரிப்புமாக யாரோ ஒருவனின் முதுகில் அறைந்து, யாரோ ஒருவனோடு பாட்டுப்பாடி, ஆடிக் காட்டினார். யோசப்பின் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பொலித்தெயாமாப் படிகள்வரை போகாமலே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கிறிகோரி என்னை ஓரமாக இழுத்தார். ‘எழுத்தாளர், அவ கதைக்கிறா இல்லை. சமைக்கிறா, சாமான் கழுவுறா, செபம் சொல்லுறா. என்னோடை மட்டும் கதை இல்லை. நீர் படிச்ச மனிசன், ஒருக்கா விளங்கப்படுத்தும்.’

எனக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு பேச்சுத் தயாரித்தேன். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு உணவுப் பண்பாடு. ஒருவருக்கு அருவருப்பானது மற்றவருக்கு அமுதம். நம்மூரிலும் ஆட்டுக்குடல் வறுப்பதில்லையா என்றெல்லாம் வரும். முடிவில் என் கவிதையிலிருந்து இரண்டு வரி. பிரபுவையும் கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி வரும்வரை பொறுத்திருந்து, தொண்டையைச் செருமித் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் யோசப்பின் கையை உயர்த்தினார்.

‘அண்ணை, குடலும் ஈரலும் எனக்குப் புதிசில்லை. மடுவிலை அதைவிடக் கேவலமானதெல்லாம் திண்டிருக்கிறன்.’

‘அப்ப என்ன பிரச்சினை, தங்கச்சி?’

அவர் நீலச் சுவரைப் பார்த்தார். ‘இந்த மனிசன் இஞ்சை சந்தோசமாய் இருந்திருக்கிறார்’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையை ஆட்டினேன். அது எனக்குக் கைவந்த கலை.

‘கலியாணம் கட்டேக்கை இவர் வாய் திறக்காத மனிசன். தண்ணி வேணுமெண்டால் பானையைப் பார்ப்பார், நான் எடுத்துக் குடுப்பன். பாவம், அந்தப் பெரிய ஊரிலை ஆரிட்டைப் போய்த் தண்ணி கேப்பாரோ எண்டு நான் அழாத நாளில்லை. தறப்பாளுக்குக் கீழை கிடந்து இவருக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னனான் அண்ணை. ரெலிபோனிலை, சோறும் கறியும்தான், வேலை, வீடு, வேறையொண்டும் இல்லை எண்டார். இஞ்சை வந்து பாத்தால், றோட்டிலை நிண்டு கூத்தடிக்கிறார். ஊரே பேர் சொல்லிக் கூப்பிடுது. நான் ஆருக்காக அழுதனான்? அந்த ஆள் எங்கை?’

என் பேச்சின் மிச்சம் அங்கேயே வீணாய்ப்போனது. இரண்டு வரிக் கவிதையும்தான்.

‘பாரிசிலை தம்பி பெனடிக்ற் இருக்கிறான். நத்தார்ப் பண்டிகை முடிய அவனிட்டைப் போறன். இவர் தன்ரை பாட்டிலை இருக்கட்டும்.’

சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிரபுவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கிறிகோரி வாசலில் காத்துக்கொண்டு நின்றார். மறைக்கத் தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ‘அவ சொல்லுறது சரிதானே’ என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. கிழவி வீட்டிலிருந்து நேரே அறைக்குப் போய்ச் சோறு வடித்து, மனைவிக்கு முன்னால் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, கதிரையில் இருப்பாராம். மிளகாய்த்தூள் போத்தலைக் குசினித் தட்டில் உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மீசையில் வெள்ளை தெரியத் தொடங்கியது. ஒருநாள் பார்க்கப் போனேன். தண்ணீர் வேண்டியிருந்தது போலும், எழும்பாமல் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். யோசப்பின் எடுத்துக் கொடுத்தார். தான் கட்டிய அந்தப் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். ஆனால் கொடுத்த கையில் சந்தோசம் ஒன்றையும் நான் காணவில்லை.

தெருவில் என் நிலைமை அதைவிட மோசம். மிம்மோவின் மூலையில் பிரபு குந்திவிடும், எழும்பாது. முழுப்பலத்தோடு இழுப்பேன், சனம் பார்க்கும், பிரபு என்னை யாரென்றே தெரியாததுபோல் இருக்கும். மண்ணீரலும் குடலும் நின்றுபோனதில் அது மெலியத் தொடங்கியது. வைத்தியர் எழுதிய சாப்பாடு வேலை செய்கிறது என்று வக்கீல் வீட்டம்மா மகிழ்ந்து, பொறுப்பான ஆள் என்று என்னைப் பாராட்டினார். பலெர்மோவில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

யோசப்பின் தனியே சந்தைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒருநாள் அவருக்கு உதவிக்குப் போனேன். அதாவது அவர் பை தூக்கினார், நான் நாயைப் பிடித்தேன். பானெல்லேக்காரன் கடையை விட்டு இறங்கி வந்து எதையோ கேட்டான். மீன்காரன் கேட்டான். மிம்மோ ஓடிவந்து அவர் பைக்குள் நாலு தேசிக்காயைப் போட்டு, பதறிப் பதறிக் கேட்டான்.

‘என்னண்ணை சொல்லுறாங்கள்?’

‘கிறிகோரி எங்கை, கிறிகோரிக்குச் சுகமில்லையோ எண்டு கேக்கினம்.’

‘எல்லாருமோ?’

‘எல்லாரும்தான்.’

‘காசு கீசு குடுக்கக் கிடக்கோ?’

‘ஒரு சதமும் இல்லை, தங்கச்சி. ஆளைத்தான் தேடுகினம்.’

அவர் பைக்குள் கிடந்த தேசிக்காய்களைப் பார்த்தார். பிறகு பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். விளக்கம் சொல்ல நான் போகவில்லை, ஒரு பேச்சுத் தயாரித்துப் பட்டது போதும்.

டிசம்பர் பதின்மூன்று புனித லூசியாவின் திருநாள். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. பள்ளிமுனைக் கோவிலே லூசியம்மாவின் கோவில்தான். அதனால் யோசப்பின் விடியற்காலையிலேயே தலை முழுகி, பெட்டிக்குள்ளிருந்த நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு பூசைக்கு வந்துவிட்டார். தட்டில் இரண்டு கண்ணை ஏந்திக்கொண்டு நின்ற சுருவத்தைக் கண்டதும் விம்மிவிட்டார். ‘எங்கடை ஊர்ச் சுருவம் மாதிரியே கிடக்கு. கொடியேத்தி, நவநாள் முடிச்சு, இண்டைக்குப் பின்னேரம் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுத்திக் கூடு சுத்துவினம்’ என்று பக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார். நான் சைவன்தான். ஆனால் ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் இங்கே தமிழ் கேட்கக் கிடைக்காது. அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது. மெழுகுதிரிப் புகை என்று சமாளித்தேன்.

பின்னேரம் பிரபுவோடு வெளிக்கிட்ட நான், கோவிலுக்கு இன்னொரு தரம் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த அவர்கள் இரண்டு பேரையும் சந்தைத் தெருவில் கண்டேன். கிறிகோரி நிலத்தைப் பார்த்து நடந்து வந்தார். தெருவில் நடக்க இடமில்லை. பாண் கடை பூட்டிக் கிடந்தது. மற்றக் கடைகள் எல்லாவற்றிலும் எண்ணெய் கொதித்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசை. மிம்மோவும் குடல் அடுப்பை மூலையில் தள்ளிவிட்டு, பெரிய தாச்சியில் தோடம்பழம் அளவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டு நின்றான். கிறிகோரியைக் கண்டதும் கரண்டியைத் தூக்கினான். முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டாமல் இறக்கினான்.

யோசப்பின் நின்றார். ‘அதென்ன?’

‘சோறு’ என்றார் கிறிகோரி. ‘சோத்துருண்டை. அரன்சினே எண்டுவினம். உள்ளுக்கை இறைச்சி.’

‘சோறோ? இவ்வளவு சனமும் சோத்துக்கோ நிக்குது?’

‘ஓம். லூசியாவின்ரை நாளிலை இஞ்சை ஒருத்தரும் பாண் தொடாயினம். மாச் சாமான் ஒண்டும் இல்லை.’

உருண்டையின் மேல் ஒட்டியிருப்பது பாண் தூள்தானே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். முந்திய வருடம் இதையே மிம்மோவிடம் கேட்டு, அவன் பார்த்த பார்வை ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

‘ஏன் தொடாயினம்?’

கிறிகோரி மிம்மோவிடம் கேட்டார். மிம்மோ கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். கிறிகோரி தமிழில் சொன்னார். முதலில் வாய்க்குள்ளே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

‘முந்தி ஒருகாலம் இஞ்சை பஞ்சமாம். தின்ன ஒண்டும் இல்லையாம். குழந்தையள் எல்லாம் றோட்டிலை விழுந்து செத்துதாம். சனம் லூசியாவிட்டை நேந்துகொண்டு கிடந்துதாம்.’ வலது கை மெல்ல எழும்பியது. ‘அப்ப, அவவின்ரை திருநாள் அண்டைக்கு, விடியக் காலமை துறைமுகத்திலை ஒரு கப்பல் வந்து நிக்குதாம்! ஆர் அனுப்பினதெண்டு தெரியாது. கப்பல் முட்டத் தானியம்!’ இப்போது இடது கையும் சேர்ந்துவிட்டது. கப்பல் எங்கள் தலைக்கு மேலால் வந்தது. ‘சனம் ஓடுதாம், விழுந்தடிச்சு ஓடுதாம். அதை மாவாக்கிச் சுட ஆருக்குப் பொறுமை? பானையிலை போட்டு அப்பிடியே அவிச்சு அவிச்சுத் திண்டினமாம். அதுதான் இண்டைக்கும் மா தொடாயினம்.’ சொல்லி முடித்தபோது இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. அவர் அதைக் கண்டுவிட்டு அவசரமாகக் கீழே இறக்கினார்.

யோசப்பின் கொதிக்கிற எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றார். சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

‘மடுவிலை ஒருக்கா ரெண்டு கிழமை நிவாரண லொறி வரேல்லை’ என்றார். ‘வந்த அண்டைக்கு நாங்கள் அரிசியைக் கழுவக்கூட இல்லை. கல்லோடை போட்டு அவிச்சது. அண்டைக்குப் பின்னேரம் ஆரோ வாளியிலை தாளம் போட்டுப் பாடத் துவங்கிச்சினம். நானும் பாடினனான். ஆடினனான். வயிறு நோகச் சிரிச்சனான்.’ புருஷனின் பக்கம் திரும்பினார். ‘உங்களை ஒருக்காக்கூட நினைக்கேல்லை.’

நான் பிரபுவின் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

‘நல்லாச் சிரிச்சியோ?’ என்று கேட்டார் கிறிகோரி.

‘ஓம்.’

‘நல்லது’ என்றார் அவர். ‘நல்லது, யோசப்பின். எனக்கு வியாழக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நான் பேசாலைக் கிறிகோரிதான். சத்தியமாய்.’

‘தெரியும். போய் வாங்குங்கோ. பசிக்குது.’

மிம்மோ காசு வாங்க மறுத்தான். தாளில் சுற்றிய மூன்று உருண்டைகள் வந்தன, கையைச் சுடச்சுட. கிறிகோரி தன்னுடையதை இரண்டாக உடைத்தார். மஞ்சள் சோற்றிலிருந்து ஆவி எழும்பியது. வலது கை தன்பாட்டில் சேட்டுப் பொக்கற்றுக்குப் போனது. தட்டினார். இன்னொரு தரமும் தட்டினார். பொக்கற் வெறுமையாக இருந்தது. குசினித் தட்டில் உப்புக்குப் பக்கத்தில் வைத்த ஞாபகம் வந்து அவர் முகம் விழுந்தது.

யோசப்பின் தோளில் கிடந்த கைப்பையைத் திறந்தார். செபமாலைக்குக் கீழே கையை விட்டு அந்தச் சின்னப் போத்தலை எடுத்தார். பூசைக்கு வெளிக்கிடும்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும். பிளாஸ்ரரை நகத்தால் கிளப்பினார். புருஷனுடையதில் தூவினார். தன்னுடையதில் அதைவிடக் கூடத் தூவினார். என்னுடையதுக்கு நேரே போத்தலைக் கொண்டுவந்தவர், ஒருகணம் நின்று, கீழே பிரபுவைப் பார்த்தார். போத்தலை எடுத்துக்கொண்டார். இந்த மனிதர் மனைவியிடம் எதைத்தான் சொல்லாமல் விட்டார்!

முதல் கடி கடித்ததும் யோசப்பினுக்குக் கண்ணில் நீர் வந்தது. உறைப்புத்தான் என்று சொன்னார். நான் நம்பினேன், எனக்கும் அன்று காலை மெழுகுதிரிப் புகைதானே. கிறிகோரி வாய் நிறையச் சோற்றோடு மிம்மோவைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்க, ‘பெனே!’ என்றார். மிம்மோ தகரத்தில் தட்டினான். மீன்காரன் தட்டினான். சத்தம் தெருவழியே போனது.

கிறிகோரி பொக்கற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, போத்தலுக்காக மற்றக் கையை நீட்டினார். யோசப்பின் பிளாஸ்ரரைத் துளைகளுக்கு மேலே வைத்து அழுத்தி ஒட்டினார். போத்தலைத் தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடி, பையைத் தோளில் கொழுவிக்கொண்டார்.